அறுபது வயதுக்கு மேல் டென்ட்டில் தூங்க: ஸ்லீப்பிங் மேட்டிலிருந்து தொடங்குங்கள்

இமயமலை டிரெக்கில் இரவு குளிர்ந்தால் எல்லோரும் ஸ்லீப்பிங் பேக்கைத்தான் குறை சொல்வார்கள். குளிர் ஏறுவது பெரும்பாலும் தரையிலிருந்து. உடம்புக்கு அடியில் இருக்கும் இறகோ பஞ்சோ நசுங்கிவிடும், நசுங்கியது சூட்டைக் காக்காது. பணத்தையும் எடையையும் முதலில் அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டுக்கு ஒதுக்குங்கள்.

மேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர்-வேல்யூ சொல்லும். இரவில் உறைநிலையை ஒட்டிப் போகும் இடங்களுக்கு 4-க்குக் குறையக்கூடாது. பனித்தரையில் 5 முதல் 6. இரண்டு மேட்டை அடுக்கினால் எண்கள் கூடும். கீழே ஆர்-வேல்யூ 2 உள்ள மடிப்பு ஃபோம், மேலே 3.5 உள்ள ஏர் மேட், ஆக 5.5. ஃபோமின் எடை 400 கிராம் அளவில்தான். கல்லும் முள்ளும் ஏர் மேட்டைக் குத்தாமல் அது காக்கும். நடுராத்திரியில் காற்று போனாலும் வெறுந்தரையில் கிடக்க வேண்டாம். வழக்கமான 51 செ.மீ. அகலத்தில் கை வெளியே சரிந்து தோள் இழுக்கும். 64 செ.மீ. அகலமே வாங்குங்கள்.

கல் மாதிரி ஊதுவதுதான் பலர் செய்யும் தவறு. முழுக்க நிரப்பி, ஒருக்களித்துப் படுத்து, வால்வைத் துளித்துளியாகத் திறந்து காற்றை விடுங்கள். இடுப்பு அமிழ வேண்டும், ஆனால் தரையில் தட்டக்கூடாது. இரண்டு விரல் இடைவெளி போதும். சாயங்கால வெயிலில் நிரப்பிய மேட் இரவில் தொய்ந்தால் உடனே ஓட்டை தேடாதீர்கள். குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். படுக்கப் போகும்போது ஒருமுறை சரிபாருங்கள். வாயால் ஊதினால் உயரத்தில் மூச்சு வாங்கும், ஈரமும் உள்ளே போகும். பம்ப் பை எடுத்துச் செல்லுங்கள்.

மடக்குக் கட்டில் எழுந்திருக்கச் சுலபம்தான். ஆனால் லேசானதே ஒரு கிலோவைத் தாண்டும். கழுதை சுமந்தால் மட்டும் யோசிக்கலாம். அடியில் காற்று ஓடுவதால் அதன் மேலும் மேட் வேண்டும்.

டென்ட் அடிக்கும் முன் அந்த இடத்தில் படுத்துப் பாருங்கள். லேசான சரிவு இருந்தால் தலை உயரமான பக்கம். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களிப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவிலும் சுருட்டிய ஜாக்கெட்டை வைத்தால் இடுப்பு பிழைக்கும்.

ஸ்லீப்பிங் பேக் லேபிளில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் இருக்கும். 'கம்ஃபர்ட்' எண்ணை மட்டும் பாருங்கள்; 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்கும் கணக்கு, தூங்கும் கணக்கு அல்ல. எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கீழே இருப்பதாக எடுங்கள்.

மிச்சமிருப்பது இரவில் எழுந்து போகும் தொல்லை. உயரத்தில் சிறுநீர் அதிகம் வரும், உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் கூடும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். டென்ட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்க அகன்ற வாயுள்ள 1 லிட்டர் பாட்டில் வைத்து, அதில் தடித்த ரப்பர் பேண்டைச் சுற்றினால், இருட்டில் குடிநீர் பாட்டிலோடு குழம்பாது. பெண்களுக்குச் சிறுநீர்ப் புனல் கிடைக்கிறது. முதலில் வீட்டுக் குளியலறையில் பழகிக்கொள்ளுங்கள். வெளியே போவதென்றால் ஒருக்களித்து, கை ஊன்றி மண்டியிட்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வாசலோரப் படுக்கை உங்களுடையதாக இருக்கட்டும். டிரெக்கிங் கம்பும் தலைவிளக்கும் கைக்கெட்டும் தூரத்தில்.