கடல் இல்லாத ஊரில் இதயத்துக்கு மீன்: எதை வாங்குவது, எப்படிச் சமைப்பது

"மட்டனைக் குறைச்சுட்டு மீன் சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் பலர் நேராகப் போவது கே.ஆர்.பி. அணை ஓரத்துக் கடைக்கு, இல்லையென்றால் ஒகேனக்கலுக்கு. மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் முங்கப் பொரித்த மீன் நாலு துண்டு உள்ளே போனதும் டாக்டர் பேச்சைக் கேட்டுவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. ருசியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் மனதில் வைத்துச் சொன்ன மீன் அது இல்லை, சமையலும் அது இல்லை. வீட்டில் இதய நோயாளி இருந்தாலோ, ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பு) ஏறியிருந்தாலோ, எந்த மீன், எவ்வளவு, எப்படி என்பதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

முதலில் மீன். இதயத்துக்கு உதவுவது மீனின் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3. அதிலும் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற இரண்டு வகைதான் முக்கியம். இவை நிறைய இருப்பது மத்தி (சாளை என்றும் சொல்வார்கள்), அயிலை என்கிற கானாங்கெளுத்தி, நெத்திலி மாதிரியான சின்னக் கடல் மீன்களில். அணையிலும் ஏரியிலும் பிடிக்கிற கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி எல்லாம் நல்ல புரதம், மட்டனுக்குப் பதிலாகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மத்தியில் இருக்கும் அளவு ஒமேகா-3 அவற்றில் கிடையாது. விலையிலும் மத்திதான் நமக்குத் தோது. வஞ்சிரம் வாங்குகிற காசில் வீட்டில் எல்லோரும் வயிறு நிறைய மத்தி சாப்பிடலாம், இதயத்துக்கும் அதுவே மேல். காசு இல்லாதவர்கள் வாங்கும் மீன் என்று யாராவது மத்தியை ஒதுக்கினால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மீன் சாப்பிடாதவர்கள் ஆளி விதை, வால்நட் என்று போகலாம், தப்பில்லை. அவற்றில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பு மீனில் இருக்கிற வகையாக மாற்றிக்கொள்ளும்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஈரல் ரத்தத்தில் விடுகிற டிரைகிளிசரைடு குறைகிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் போக்கு கொஞ்சம் தணிகிறது. ரத்த அழுத்தம் லேசாக இறங்குகிறது. இந்தக் கொழுப்பு இதயத் தசை செல்களின் சவ்விலேயே போய்ச் சேர்வதால் துடிப்பு தாறுமாறாவது குறையலாம் என்றும் கருதுகிறார்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோமே, அந்த எல்.டி.எல்., அதை மத்தி இறக்காது. தட்டில் மட்டன் இருந்த இடத்துக்கு மீன் வந்ததால் கொஞ்சம் இறங்கலாம், அவ்வளவுதான்.

ஆதாரம் எவ்வளவு உறுதி என்று கேட்பவர்களுக்கு. 1989இல் பிரிட்டனில் மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கொழுப்பு மீனை வாரம் இரண்டு முறையாவது சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் இறப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது. பிறகு நெஞ்சுவலி நோய் உள்ள ஆண்களிடம் அதே மாதிரி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2021இல் 58 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,91,000 பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் வாரம் 175 கிராமாவது மீன் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகத் தெரிந்தது, கொழுப்பு மீனில் அது இன்னும் தெளிவாக இருந்தது. நோய் இல்லாதவர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, ஏற்கெனவே நோய் உள்ளவர் வீட்டில்தான் இது ரொம்ப முக்கியம்.

மெடிக்கலில் விற்கிற மீன் எண்ணெய் மாத்திரையை வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து, தினமும் ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்படியான குறைவு இல்லை. அதிக அளவில் எடுத்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கூடியதாக வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவருக்கு டாக்டரே எழுதித் தருவது தனி. நீங்களாக வாங்கிப் போடுவதற்குப் பதிலாக அந்தக் காசை மீன்காரருக்குக் கொடுங்கள்.

அளவு: வாரம் இரண்டு வேளை. அமெரிக்க இதயச் சங்கம் சொல்வது ஒரு வேளைக்குச் சமைத்த மீன் 85 கிராம், அதுவும் எண்ணெயில் பொரிக்காதது. நம்ம கணக்கில் நடுத்தர மத்தி மூன்று நான்கு. நாலு பேர் வீட்டுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வாங்கினால் தலை, குடல் போக சரியாக இருக்கும். ஞாயிறு ஒரு தடவை, நடுவில் புதனோ வியாழனோ ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோவை ஒருவர் காலி செய்துவிட்டு மீதி வாரம் பிரியாணி என்றால் கணக்குக்கு ஆகாது.

அடுத்தது வாங்குவது. இதில்தான் நம்ம மாவட்டத்துக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மத்தி கடற்கரையிலிருந்து பெட்டியில் ஐஸ் போட்டு ராத்திரி முழுக்க லாரியில் வருகிறது. மத்தி, அயிலை, சூரை இந்த மூன்றும் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது போகாது. அந்த மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்து, சிலருக்கு நெஞ்சு படபடக்கும். "எனக்கு மத்தி ஒத்துக்காது" என்று காலத்துக்கும் ஒதுக்கிவிடுகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம், மீனை ஐஸ் இல்லாமல் போட்டு வைத்ததுதான் காரணமாக இருக்கலாம். மூச்சு திணறினாலோ மயக்கம் வந்தாலோ காரணம் ஆராயாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அதனால் காலையில் பெட்டி உடைக்கும் நேரத்துக்குப் போங்கள். மதியம் தகரத் தட்டில் ஐஸ் கரைந்து, மீன் வெறும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். "அண்ணா, செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சமே படாதீர்கள், நல்ல கடைக்காரர் அவராகவே காட்டுவார். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறி இருக்கக் கூடாது. கண் தெளிவாக, உப்பலாக இருக்க வேண்டும். மத்தியில் முதலில் கெடுவது வயிறு. அதை விரலால் லேசாக அழுத்தினால் குழி விழாமல் திரும்ப எழும்ப வேண்டும், வயிறு வெடித்துக் குடல் எட்டிப் பார்த்தால் அந்தக் குவியலையே விட்டுவிடுங்கள். வீடு தூரம் என்றால், பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு பஸ்ஸில் போகிறவர்கள் முக்கியமாக, ரெண்டு கை ஐஸும் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை சுத்தம் செய்து சமைப்பது, இல்லை ஃபிரிட்ஜில் வைப்பது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிவதற்குள் மேற்குக் கரையிலும் தடை தொடங்கி ஜூலை 31 வரை ஓடும். அந்த மாதங்களில் வரத்து குறையும், குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்த மீனும் கலந்து வரும், அதனால் கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும். கிடைக்காத வாரம் டின் மத்தி பரவாயில்லை, ஓசூர் பக்கம் பெரிய கடைகளில் கிடைக்கிறது, உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள்.

இனி சமையல். நம்ம பக்கத்துக்கு ராகி களியும் மீன் குழம்பும்தான், அதற்கு மேல் ஒன்றும் தேட வேண்டாம். மத்தியைச் செதில் சுரண்டி, தலையும் குடலும் எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசுங்கள். தோலை உரிக்காதீர்கள், கொழுப்பு தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. மண்சட்டியில் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் போதும். வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள் சேர்த்து, புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். மாங்காய் காலத்தில் புளியைப் பாதியாக்கிவிட்டு ரெண்டு கீற்று மாங்காய் போடுங்கள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடக் கூடாது. மாங்காய் முக்கால் பதம் வெந்த பிறகு மீனைப் போட்டு, தீயைக் குறைத்து ஏழெட்டு நிமிடம். கரண்டி போட்டுக் கிளறினால் உடையும், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும்.

கொழுப்பு ஏறிய மத்தியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் குழம்பின் மேல் பொன்னிறத்தில் சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் வந்து நிற்கும். நீங்கள் ஊற்றியது ஒரு ஸ்பூன்தான், அதில் பெரும்பகுதி மீன் விட்ட எண்ணெய். அதை வழித்துக் கொட்டிவிடாதீர்கள், களியைப் பிட்டு அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். தென்மேற்குப் பருவமழை முடிந்து வருகிற மத்தியில் இந்த எண்ணெய் அதிகமாக இருக்கும்.

குழம்பு அலுத்துப்போனால் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு வாட்டலாம், வாழை இலையில் மடித்தும் வாட்டலாம். முங்கப் பொரிப்பதுதான் வேண்டாம். மீனின் நல்ல கொழுப்பு எண்ணெய்க்குள் போகும், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். கடையில் அதே எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வது வேறு. ஒகேனக்கல் போனால் அங்கே சமைத்துத் தருகிற அக்காக்களிடம் வறுவலைக் குறைத்துவிட்டுக் குழம்பாக வைக்கச் சொல்லுங்கள், அருமையாக வைத்துத் தருவார்கள்.

கருவாட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சந்தையில் நெத்திலிக் கருவாடு பார்த்தால் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்கிற மொத்த உப்பே 5 கிராமுக்குள்தான், கருவாட்டுக் குழம்பு ஒரு வேளையிலேயே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பிரஷர் உள்ளவர்கள் எப்போதாவது, வெந்நீரில் ரெண்டு மூன்று தடவை ஊறவைத்து அலசிச் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு மத்தி, நெத்திலி நல்லது. சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேரும், அவை வேண்டாம். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் வலியைக் கிளப்பும், டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் வாரம் இரண்டு வேளை மீனுக்குப் பயப்பட வேண்டாம், மீன் எண்ணெய் மாத்திரைக்கு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் ஆரம்பித்தாச்சு என்று பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது, இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வீடு தேடி பிரஷர், சுகர் மாத்திரை வருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வருகிற அக்காவிடம் மாத்திரை வாங்கும்போதே பிரஷரும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து டிரைகிளிசரைடு அளவைப் பழைய ரிப்போர்ட்டோடு வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.