பிஸ்டன் வேகம்: மேலே போனது கீழே வரவில்லையா?

பிஸ்டன் வேகத்தைக் கணக்கிடக் கற்ற முதல் நாளே நான் பாதி வேகத்தைத் தொலைத்தேன். 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை போகும் தூரம்), நிமிடத்துக்கு 6000 சுற்று. மீட்டராக்கிப் பெருக்கி, 60-ஆல் வகுத்து, விநாடிக்கு 8.6 மீட்டர் என்று எழுதினேன். தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: “மேலே போனது கீழே வரவில்லையா?”

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுகிறது. அதனால் ஸ்ட்ரோக்கை இரட்டிக்க வேண்டும். சரியான விடை 17.2. காகிதம் இல்லாதபோது, மில்லிமீட்டரில் ஸ்ட்ரோக்கைச் சுற்றால் பெருக்கி 30,000-ஆல் வகுத்துவிடுங்கள். ‘நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்தானே’ என்று பாதியாக்கிவிடாதீர்கள். எரிவதுதான் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. ஓட்டம் எல்லாச் சுற்றிலும் உண்டு.

ஸ்ட்ரோக் எவ்வளவு என்று தெரியாவிட்டால் அளக்க வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக் துளையில் கம்பியை விட்டு அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துளை சாய்வாக இருந்தால் கம்பியும் சாயும், அளவு பொய்யாகும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, ஆழம் அளக்கும் டெப்த் கேஜால் சிலிண்டர் பிளாக்கின் மேல்தளத்திலிருந்து பிஸ்டன் தலைவரை அளப்பதே நல்லது. மேல் எல்லையில் ஓர் அளவு, கீழ் எல்லையில் ஓர் அளவு, வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். கேஜின் முனை பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனை ராடோடு இணைக்கும் குறுக்கு ஊசிக்கு) நேர் மேலே இறங்கட்டும். ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் லேசாகச் சாய்ந்து உங்களை ஏமாற்றும்.

இதுவரை கிடைத்தது சராசரி வேகம். இரண்டு எல்லைகளிலும் பிஸ்டன் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அதை ஈடுகட்ட நடுவழியில் பறக்கிறது. நம் இன்ஜினில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் 143 மில்லிமீட்டர் என்றால், உச்ச வேகம் 28 மீட்டரைத் தொடும், அதாவது சராசரியைப் போல 1.6 மடங்கு. அதுவும் கிராங்க் 90 டிகிரி திரும்பிய இடத்தில் அல்ல. ராட் சாய்வதால், மேல் எல்லை தாண்டி ஏறக்குறைய 75 டிகிரியிலேயே வந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அந்த உச்சத்தைக் கண்டு அல்ல, மேல் எல்லையில் நின்று திரும்பும் இடத்தைக் கண்டுதான். அங்கே 400 கிராம் பிஸ்டன், 6000 சுற்றில், சுமார் 900 கிலோ எடை தொங்குவதுபோல ராடை இழுக்கிறது. 7000 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடும்; இழுப்போ 1,225 கிலோவாகும், ஏனென்றால் அது சுற்றின் வர்க்கத்தோடு வளர்வது.

சுற்றை மட்டும் பார்த்து இன்ஜினை எடைபோடாதீர்கள். வார்ட்சிலாவின் ஆர்டி-ஃபிளெக்ஸ்96சி கப்பல் இன்ஜின் நிமிடத்துக்கு 102 சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் ஸ்ட்ரோக் 2,500 மில்லிமீட்டர், பிஸ்டன் வேகம் 8.5 மீட்டர். நான் முதல் நாள் எழுதிய தப்பான விடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது அது!

கணக்கைத் திருப்பியும் போடலாம். சராசரி 20 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று முடிவுசெய்தால், 20-ஐ 30,000-ஆல் பெருக்கி ஸ்ட்ரோக்கால் வகுங்கள். 86-க்கு 6,976 வரும். நான் 6,900-இலேயே கோடு போட்டுவிடுவேன்.