மின்பொறியாளரின் உறுப்பினர் பேட்ஜ் வந்தால்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

அருங்காட்சியகச் சேகரிப்புக்கு வரும் பொறியாளர் சங்க உறுப்பினர் பேட்ஜ் விரல்நக அளவுதான் இருக்கும். கறுத்துப்போய் வந்திருந்தால் துடைத்துப் பளபளப்பாக்கத்தான் முதலில் கை போகும். தயவுசெய்து வேண்டாம். முகப்பில் இருப்பது எல்லா உறுப்பினருக்கும் பொதுவான சின்னம். பின்பக்கத்தில் கீறியிருக்கும் பெயரும் எண்ணும்தான் அதை ஒருவருடைய பொருளாக ஆக்குகின்றன. பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் தேய்கிறது. மெல்லிய கீறலும் தங்க முலாமும்தான் முதலில் போகும்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, அறையை இருட்டாக்கி, சிறிய டார்ச்சைப் பேட்ஜின் பரப்போடு ஒட்டினாற்போல் படுக்கையாகப் பிடியுங்கள். 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். நேர் வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தெரிந்த இடத்தில், கீறலின் ஒரு கரை ஒளிர்ந்து மறுகரை நிழலாகி எழுத்து எழும்பி வரும். வெளிச்சத்தை நான்கு பக்கமும் மாற்றி, அளவுகோலோடு நான்கு படம் எடுங்கள். ஒரே திசையில் எடுத்தால், வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துவிடும். 8-இன் இடப்பக்க வளைவு தேய்ந்து 3 போலத் தெரிவது சகஜம். சந்தேகமான இலக்கத்தை ஊகித்து நிரப்பாமல், 'படிக்க முடியவில்லை' என்றே குறியுங்கள். தவறான உறுப்பினர் எண் வேறொருவருடைய வாழ்க்கையை இந்தப் பொருளோடு ஒட்டிவிடும்.

உலோகத் தர முத்திரையை உள்ளது உள்ளபடியே எழுதுங்கள். '1/20 10கே ஜி.எஃப்.' என்றிருந்தால் மேலே போர்த்திய 10 காரட் தங்கம் மொத்த உலோக எடையில் இருபதில் ஒரு பங்கு என்று பொருள். முழுத் தங்கம் அல்ல. முத்திரையே இல்லையென்றால் 'பொன்னிற உலோகம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அகலம், உயரம், கனத்தை வெர்னியர் அளவியிலும், எடையை 0.01 கிராம் துல்லியத் தராசிலும் எடுங்கள்.

அடுத்து காலம். அமெரிக்க மின்பொறியாளர் நிறுவனமான ஏ.ஐ.இ.இ. 1884-இல் தொடங்கியது, ரேடியோ பொறியாளர்களின் ஐ.ஆர்.இ. 1912-இல். இரண்டும் 1963 ஜனவரி 1 அன்று இணைந்து ஐ.இ.இ.இ. ஆயின. ஐ.இ.இ.இ. சின்னத்தின் காற்றாடி (பட்டம்) வடிவம் ஏ.ஐ.இ.இ. வழி வந்தது, மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினின் காற்றாடியை நினைவூட்டுவது. அதனுள் இருக்கும் நேர் அம்பும் அதைச் சுற்றும் வளைந்த அம்பும் மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் காட்டும் வலக்கை விதி. பிரிட்டனில் 1871-இல் தந்திப் பொறியாளர் சங்கமாகத் தொடங்கியது 1888-இல் ஐ.இ.இ. என்றும் 2006-இல் ஐ.இ.டி. என்றும் பெயர் மாறியது. 'ஐ.இ.இ.'யையும் 'ஐ.இ.இ.இ.'யையும் பதிவேட்டில் குழப்பிவிடுவது மிக எளிது, எழுத்தை எண்ணிப் பாருங்கள். இந்த ஆண்டுகள் பேட்ஜ் செய்யப்பட்ட காலத்தை மட்டுமே வரையறுக்கும். பெயர் மாறிய பிறகும் பழைய பேட்ஜையே அணிந்தவர்கள் இருக்கலாம். அணிந்த காலத்தைப் பதிவேட்டில் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

தூசிக்கு மென்மையான உலர்ந்த தூரிகை போதும். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், எனாமலில் (உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சில்) மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் அடியில் இறங்கிச் செம்பை அரித்து, எனாமலைப் பெயர்த்துவிடும். மெழுகு போன்ற பச்சைப் படிவு எண்ணெய்ப் பசையோ பிளாஸ்டிக் உறையோ செம்போடு வினைபுரிந்ததாக இருக்கும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் குளோரைடு அரிப்பாக இருக்கலாம். அன்றே தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு பிரித்து வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அருங்காட்சியகம் பொருளுக்குத் தரும் சேர்க்கை எண்ணைப் பேட்ஜின் மேல் எழுதாதீர்கள். பெரிய பதக்கத்தில் பாரலாய்டு பி-72 என்ற தெளிவான பிசினைப் பூசி அதன்மேல் எழுதலாம். ஆனால் அதைக் கரைக்கும் அசிட்டோன், எனாமல்போல் தோன்றும் வண்ணப்பூச்சையும் கரைத்துவிடக்கூடும். ஊசித்தண்டில் வெள்ளைப் பருத்தி நூலால் அமிலமற்ற அட்டைச் சீட்டைக் கட்டுங்கள். இறுகிப்போன கொக்கியை வலுவாகத் திறக்க வேண்டாம். பற்றவைத்த இடம்தான் முதலில் விடும்.

பாலிஎத்திலீன் நுரையில் பேட்ஜ் அளவுக்குக் குழி வெட்டி வையுங்கள். பி.வி.சி. உறை, ரப்பர் பட்டை, கம்பளி ஃபெல்ட் மூன்றும் கூடாது. ரப்பரிலும் கம்பளியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். உலோகத்துக்கு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நல்லது. உறுப்பினர் அட்டையும் சான்றிதழும் அந்த வறட்சியில் விறைத்து நொறுங்கக்கூடும், எனவே பெட்டி வேறு. எண் மட்டும் ஒரே வரிசை: 2024.15.1 பேட்ஜ், 2024.15.2 அட்டை, 2024.15.3 அது வந்த வெல்வெட் டப்பா.

கொடுப்பவரிடம் உரிமை மாற்றக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போதே கேளுங்கள்: எந்த வேலையில் இருந்தபோது கிடைத்தது, தினமும் அணிந்தாரா, விழாவுக்கு மட்டுமா, எங்கே வைத்திருந்தார். பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே, சொன்ன தேதியோடு எழுதுங்கள். தேய்ந்த ஊசியையும் தேயாத முகப்பையும் பிறகு பார்க்கும்போது அந்தப் பதில்தான் விளக்கும்.