வேலை மாறினால் பிஎஃப் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுவது எப்படி?

வேலை மாறியதும் கூட இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, "பழைய பிஎஃப்பை க்ளெயிம் பண்ணிடு, பைக்குக்கு முன்பணம் ஆச்சு" என்பதுதான். தயவுசெய்து கேட்காதீர்கள். ஒன்றரை லட்சம் கைக்கு வந்தால் ஆறே மாதத்தில் போன இடம் தெரியாது. இப்போதைய 8.25 சதவீத வட்டி நீடித்து, அதே பணம் 30 வருடம் கணக்கில் கிடந்தால் சுமார் 16 லட்சம். தனியார் வேலையில் இருக்கிற நமக்கு இபிஎஸ் பென்ஷன் உண்டுதான். ஆனால் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் கணக்கிட்டால், 30 வருடம் உழைத்தவருக்கும் மாதம் ஏழாயிரத்தை ஒட்டித்தான் வரும். வயதான காலத்தில் வாடகை, மருந்துச் செலவையெல்லாம் அதில் தள்ள முடியாது. கைகொடுப்பது இந்த பிஎஃப் இருப்புதான்.

யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) ஆக்டிவேட் ஆகி, ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: வெளியேறிய தேதி

பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்தில் 'வியூ' மெனுவுக்குள் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பாருங்கள். பழைய கம்பெனிக்கு எதிரே வெளியேறிய தேதி இருக்க வேண்டும். இல்லையென்றால் எச்ஆரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால், 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் எக்ஸிட்' மூலம் நீங்களே பதியலாம். பணம் கட்டிய கடைசி மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் கொடுக்க வேண்டும். பதிந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு என்பதால், ரிலீவிங் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

படி 2: பெயர்

என் விண்ணப்பம் நின்றுபோனது இங்கேதான். நம் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இங்கே மாட்டுவார்கள். காரணம் இனிஷியல். பழைய கம்பெனி 'எஸ். முருகன்' என்று பதிந்திருக்கும். ஆதாரில் 'முருகன் எஸ்' என்றிருக்கும். பான் அட்டையில் இனிஷியலை விரித்து 'சுப்பிரமணியன் முருகன்' என்று அச்சாகியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆட்கள்.

திருத்தும் வரிசை முக்கியம். பிஎஃப் பதிவு ஆதாரோடுதான் ஒப்பிடப்படுகிறது. அதனால் முதலில் ஆதாரில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தேவையென்றால் இ-சேவை மையத்தில் திருத்துங்கள். அடுத்து பான். கடைசியாகத்தான் பிஎஃப் தளத்தில் 'மேனேஜ்' மெனுவிலுள்ள 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' என்ற திருத்த விண்ணப்பம். தலைகீழாகச் செய்தால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். அப்பா பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் வழியாக யுஏஎன் பெற்றவர்கள், 2025 ஜனவரி முதல் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கம்பெனி ஒப்புதலோ ஆவணமோ இல்லாமல் தாங்களே திருத்தலாம். அதற்கு முந்தைய யுஏஎன் என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்றால் தாள் விண்ணப்பத்தோடு பிஎஃப் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியதுதான். அலைச்சல்தான், ஆனால் பல வருட உழைப்பின் பணம் அது, விட்டுவிடாதீர்கள்.

படி 3: மாற்றும் விண்ணப்பம்

'ஆன்லைன் சர்வீசஸ்' மெனுவில் 'ஒன் மெம்பர் ஒன் இபிஎஃப் அக்கவுண்ட்'. 'கெட் டீடெய்ல்ஸ்' அழுத்தினால் பழைய கணக்கு தெரியும். ஒப்புதல் தருவது யார் என்று கேட்டால் இப்போதைய கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். நேரில் போய்க் கேட்கக்கூடிய எச்ஆர் அங்கேதான் இருக்கிறார். ஓடிபி போட்டால் முடிந்தது.

இதை லேப்டாப்பில் செய்யுங்கள், போனில் வேண்டாம். பாஸ்புக் பார்க்க மட்டும் உமங் ஆப் வசதியானது. பிரவுசிங் சென்டரில் கமிஷனுக்குச் செய்துதருபவரிடம் ஆதார் ஓடிபியைச் சொல்லவே கூடாது. மாற்றச் சொன்னால் க்ளெயிமே போட்டுவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்.

எடுத்தால் என்ன போகும்?

ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. மாற்றினால் பழைய கம்பெனி வருடங்களும் அந்த ஐந்தில் சேரும். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருடச் சேவை தேவை. படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் வாங்கிவிட்டால் அதுவரையான சேவை கழிந்து, எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சில ஆயிரத்துக்காக அதைச் செய்யாதீர்கள்.

மாற்றி முடித்தவர்களுக்கு இன்னொரு யோசனை. புதிய சம்பளத்தில் கூடிய தொகையில் ஒரு பகுதியை விபிஎஃப்பில் (கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் நாமாக விரும்பிப் போடும் பிஎஃப்) போடச் சொல்லி எச்ஆரிடம் எழுதிக்கொடுங்கள். அதே வட்டிதான். உங்கள் பங்கு வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாதவரை அந்த வட்டிக்கு வரியும் இல்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுவதால் செலவழிக்கும் பேச்சே எழாது. மாதத் தவணையில் போன் வாங்குவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் பலரும் கேட்பது, "பணம் மாறிவிட்டது, பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் மட்டும் பூஜ்யம் காட்டுகிறதே?" பயப்பட வேண்டாம். பென்ஷன் கணக்கில் மாறுவது சேவைக்காலம் மட்டுமே, தொகை அங்கே வராது. சர்வீஸ் ஹிஸ்டரியில் இரண்டு கம்பெனியும் ஒரே யுஏஎன்னின் கீழ் தெரிந்தால் போதும்.

பழைய கம்பெனி சொந்தமாக பிஎஃப் ட்ரஸ்ட் நடத்தியிருந்தால் பணத்தை அனுப்ப வேண்டியது அந்த ட்ரஸ்ட். அனுப்பியதும் அவர்களிடம் 'அனெக்சர் கே' என்ற மாற்ற விவரத்தாளின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சேவைத் தேதிகளைச் சரிபாருங்கள்.