தெனாரியஸ் ரோமில் அடித்ததா, பழங்குடியினர் அடித்ததா? பார்த்துப் பிரிக்கும் முறை

டர்பன் பக்கம் ஏலத்தில் தெனாரியஸ் என்ற பழைய ரோமானிய வெள்ளிக்காசு எடுப்பவர்கள் தராசை அப்புறம் எடுக்கலாம்; முதலில் காசில் உள்ள லத்தீன் எழுத்தைப் பாருங்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் டான்யூப் கரை டேசியப் பழங்குடியினர் அடித்த நகல்கள் பலவற்றில் வெள்ளி நல்ல வெள்ளிதான். எடை உங்களை ஏமாற்றிவிடும்.

பத்து மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அச்சு வெட்டியவருக்கு லத்தீன் தெரியாவிட்டால் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகச் சிதையும், இடவலம் திரும்பும், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். தேய்மானம் வேறு: தேய்ந்த எழுத்து மங்குமே தவிர வடிவம் மாறாது.

அடுத்து இரு பக்கமும் பொருந்துகிறதா பாருங்கள். தலை ஒருவர் வெளியிட்ட காசிலிருந்தும் பின்பக்கம் பல ஆண்டு கழித்து இன்னொருவர் வெளியிட்டதிலிருந்தும் வந்திருந்தால் அது நகல் என்பதற்கு வலுவான சான்று. கி.மு. 79இல் பாப்பியஸ் என்ற ரோமானிய நாணய அதிகாரி வெளியிட்ட காசில் முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ள சின்னங்கள் ஜோடியாக இருக்கும். ஜோடி கலைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அச்சுகளின் திசைக் கோணத்தை (முன்பக்கத்துக்குப் பின்பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை) நம்பாதீர்கள், ரோமானியக் குடியரசுக் காலத்து அசல்களிலேயே அது ஒழுங்காக இல்லை.

எழுத்து சுத்தமாக இருப்பதாலேயே அசல் என்று முடிவுகட்டவும் முடியாது. ருமேனியாவின் திலிஷ்காவில் 1961இல் கிடைத்த டேசிய அச்சுகள் ரோமானியக் காசை அச்சு அசலாகப் படியெடுத்தவை. அப்படி அடித்ததைக் கண்ணால் பிரிக்க முடியாது. கிடைத்த இடம் தெரியாத அழகான காசை "டேசியக் காசு" என்று விற்றால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். (பேரரசர் அகஸ்டஸ் தன் பேரன்கள் கயஸ், லூசியஸ் உருவத்தோடு வெளியிட்ட காசுக்குத் தென்னிந்தியாவிலும் நகல் அடித்திருக்கிறார்கள், நம்மவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய வகை அது.)

இப்போது தராசு. தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் காசில் குமிழி ஒட்டாது. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம்) வரும்: 3.80 கிராம் ÷ 0.370 = 10.27. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96. தராசு 0.001 கிராம் வரை காட்ட வேண்டும். 0.01 தராசு 0.37க்குப் பதில் 0.36 என்றோ 0.38 என்றோ ஒரு எண் தள்ளிக் காட்டினாலே விடை 10.56 முதல் 10.00 வரை அலையும். முறை சரிதானா என்று பார்க்க தூய வெள்ளியில் வரும் தென்னாப்பிரிக்கக் காசான வெள்ளி க்ரூகராண்ட் ஒன்றை முக்குங்கள்: 31.1 கிராமுக்கு ஏறத்தாழ 2.965 காட்ட வேண்டும்.

அடர்த்தி 9க்குப் பக்கத்தில் வந்தால் வெள்ளிப் பூச்சுக்குள் செம்பு இருக்கலாம். விளிம்பில் சிவப்போ பச்சையோ தெரிகிறதா பாருங்கள். பூச்சு வெடித்திருந்தால் தண்ணீரில் போடவே வேண்டாம், உள்ளே புகுந்து அரிக்கும். ஒரே கீறல், ஒரே பள்ளத்தோடு இரண்டு காசு கண்டால் அவற்றில் ஒன்றாவது வார்ப்பு நகலாக இருக்கலாம்.

டர்பனின் ஈரக் கடற்காற்றில் பிவிசி உறை பச்சைப் பிசினை விடும். மைலார் (பாலியஸ்டர்) உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.