சண்டை நேரத்துல வர்ற வீடியோவ ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது

எங்கயாவது ரெண்டு நாடு முட்டிக்கிட்டா போதும், அரை மணி நேரத்துல போன் நிரம்பிடும். முன்னாடிலாம் பழைய வீடியோவ புதுசுன்னு விடுவாங்க, இப்ப ஏஐ இருக்குறதால நடக்காததையே நடந்த மாதிரி செஞ்சு விடறாங்க, எதிராளிக்கு குண்டு போடுறத விட இது சீப், அதுலயும் பரப்புற வேலைய நாமளே ஓசியில பாத்து குடுக்குறோம்.

ஏஐ படத்துல கை விரல் கூடக் குறைய இருக்கும்னு சொல்வாங்களே, முதல்ல அந்த விரல் எண்றத விடுங்க. அது பழைய கதை, இப்ப வர்றதுல விரல்லாம் கரெக்டாவே இருக்கு. வாட்ஸப்ல நாலு கை மாறி வந்த வீடியோல நிஜ மூஞ்சியே மங்கலா தான் தெரியும், அதுல போய் என்னத்த பாக்குறது? கேக்க வேண்டியது ஒண்ணு தான், இத வேற யாரு எடுத்திருக்காங்க?

2023 மே 22 ஞாபகம் இருக்கா, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் பக்கத்துல குண்டு வெடிச்சு கரும்புகை கிளம்புற மாதிரி ஒரு போட்டோ சுத்துச்சு. ட்விட்டர்ல ப்ளூ டிக் அக்கவுண்ட்ஸே போட்டாங்க, அமெரிக்க ஷேர் மார்க்கெட் கொஞ்ச நேரம் சறுக்குச்சு, அப்புறம் பென்டகன் இருக்குற ஆர்லிங்டன் ஏரியாவோட தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கலன்னு சொல்லவும் தான் அடங்குச்சு. உத்துப் பாத்தா வேலி கட்டடத்தோட உருகி ஒட்டின மாதிரி இருக்கும். ஆனா அதெல்லாம் பாக்கவே வேணாம், ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்ற இடத்துல பட்டப்பகல்ல வெடிச்சிருந்தா ஒரே ஒரு போட்டோ, ஒரே ஒரு ஆங்கிள்ல தான் வருமா? அங்கயே மாட்டிக்கிச்சு.

அடுத்து, வீடியோவ நிறுத்தி ரெண்டு மூணு இடத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, மேல ஒட்டிருக்குற எழுத்தெல்லாம் க்ராப் பண்ணிட்டு கூகுள் லென்ஸ்ல (படத்த வச்சே நெட்ல தேடுற ஆப்) போடுங்க, இருக்கறதுலயே பழைய தேதி எதுன்னு பாருங்க. பாதிக்குப் பாதி இங்கயே முடிஞ்சிடும். ஆர்மா 3னு ஒரு கேம், அதோட வீடியோவ நிஜப் போர்னு எத்தனை தடவை ஓட்டிட்டாங்கன்னு கணக்கே இல்ல, 2022ல கம்பெனியே அறிக்கை விட வேண்டியதாச்சு (நானும் ஒருக்கா வாய பொளந்து பாத்தவன் தான்).

தலைவர் பேசுற வீடியோன்னா அவரோட சொந்த பக்கத்துல இருக்கான்னு பாருங்க. சேனல் லோகோவ நம்பாதீங்க. 2022 மார்ச்ல உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி தன் படைய சரணடையச் சொல்ற டீப்ஃபேக் (ஏஐ வச்சு செஞ்ச போலி வீடியோ) வந்தப்ப, உக்ரைன் 24 சேனலோட வெப்சைட்டையே ஹேக் பண்ணி தான் போட்டாங்க. தல ஒரு சைஸ் உடம்பு ஒரு சைஸ், அதனால ஈஸியா தெரிஞ்சுது, அவரும் அன்னைக்கே வீடியோ போட்டு மறுத்துட்டார். அடுத்து வர்றது அவ்ளோ மோசமா இருக்காது. வெறும் ஆடியோ மட்டும் வந்தா இன்னும் கஷ்டம், தேட படமே இல்ல, அத வதந்தி கணக்குல வச்சுக்கோங்க.

சாட்ஜிபிடி மாதிரி சாட்பாட் கிட்ட "இது நிஜமா"ன்னு கேக்காதீங்க, அது தப்பையும் அடிச்சு சொல்லும். ஏஐயான்னு கண்டுபிடிக்கிற டிடெக்டர் சைட் 87 சதவீதம் ஏஐன்னு காட்டினாலும் அது தீர்ப்பு இல்ல. இன்னொண்ணு, மாட்டிக்கிட்டவங்க நிஜ வீடியோவையே ஏஐன்னு சொல்லி தப்பிக்கப் பாப்பாங்க, அதுக்கும் இதே செக் தான்.

எதுவும் முடிவுக்கு வரலன்னா குரூப்ல "இது உண்மையா?"ன்னு கூட போடாதீங்க. அடுத்த ஆள் உங்க கேள்விய விட்டுட்டு வீடியோவ மட்டும் தான் அனுப்புவான்.