நோட்டில் கோடு போட்டு அர்த்தம் எழுதுகிறவர்களுக்கு

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால், நாங்கள் படித்த காலத்து நோட்டு அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். ஸ்பெல்லிங், உச்சரிப்பு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொள்ளும்போது செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தமிழ் அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 'டவுட்' என்றால் சந்தேகம், 'சஸ்பெக்ட்' என்றாலும் சந்தேகம் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் 'ஐ டவுட் தட்' என்று தொடங்கினால் 'அப்படி இருக்காது' என்று நினைப்பதாக அர்த்தம். 'ஐ சஸ்பெக்ட் தட்' என்றால் 'அப்படித்தான் இருக்கும்' என்று அர்த்தம். நேர் எதிர்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஏற்றுமதி வேலை பார்க்கிறான். மழையில் லோடு ஏறியது. மூட்டை நனைந்திருக்குமோ என்று பயந்து, வெளிநாட்டு வியாபாரிக்கு மெயில் போட்டான்: 'ஐ டவுட் தட் த பேக்ஸ் காட் வெட்.' அவர் அதை 'நனைந்திருக்காது' என்று எடுத்துக்கொண்டு, பிரித்துப் பார்க்காமல் குடோனில் அடுக்கிவிட்டார். பூஞ்சை பிடித்த பிறகுதான் போன் வந்தது. அந்த வரியில் இலக்கணப் பிழையே இல்லை. அதனால்தான் ஆலையில் யாருக்கும் உறைக்கவில்லை.

சரி, தமிழ் அர்த்தம் இருக்கட்டும். அதன் கீழேயே ஒரு முழு வாக்கியமும் எழுதுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் அகராதிகளில் அது கிடைக்கும். அப்புறம், அந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். ஏற்காடு மலைப்பாதையில் காரையும் ஓட்டுகிறோம், பைக்கையும் ஓட்டுகிறோம்; ஆங்கிலத்தில் காருக்கு 'டிரைவ்', பைக்குக்கு 'ரைடு'.

அகராதியை 'ஏ'யிலிருந்து மனப்பாடம் செய்வது

வேண்டாம்.

அரிய சொல்லாகப் பொறுக்குவது

ஆங்கிலம் கற்பிப்பதில் வல்லுநரான மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இவைதான். 'கெட்', 'டேக்' இரண்டும் வாயில் சரளமாக வராத நிலையில், தலையங்கத்தில் பார்த்த பெரிய சொல்லுக்கு அவசரமில்லை.

ஒரே ராத்திரியில் ஐம்பது

நிற்காது. முதல் நாளிலேயே மறதி வேகமாக வேலை செய்யும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே சோதித்து எழுதிவிட்டார். மறுநாள் ஒரு தடவை, இரண்டு நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை என்று பாருங்கள். பார்க்கும்போது வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.